நாலாம் நம்பர் டியூப்

தொண்ணூறு பேருக்குச் சேர்ந்தாற்போல் காய்ச்சல் வந்தால்தான் ஒருவருடைய காய்ச்சலைச் சோதிக்க முடியும் என்பது அந்த மையத்தின் விதி. யார் எழுதிய விதி என்று அங்கே யாருக்கும் தெரியாது. ஆனால் அதை ரத்தம் வாங்கும் ஜன்னலுக்கு மேலே ஒட்டியவள் லேபிள் அக்கா. ஏழு வருஷமாக அவள் அங்கே டியூப்களுக்கு லேபிள் ஒட்டுகிறாள், டியூப் கழுவுகிறாள், வேண்டாத காகிதங்களைக் கிழித்துப் போடுகிறாள். விதியை ஒட்டிய அன்று கோணலாக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தாளே தவிர, படித்துப் பார்க்கவில்லை. கட்டினவருக்குக் காய்ச்சல் வந்த பிறகுதான் படித்தாள்.

மையத்தின் முழுப்பெயர், புறக்கணிக்கப்பட்ட விலங்குவழி நோய்களுக்கான ஒருங்கிணைந்த உயர்நிலை ஆய்வக மையம். மாட்டிடமிருந்தும் ஆட்டிடமிருந்தும் எலியிடமிருந்தும் மனிதனுக்குத் தொற்றுகிற, ஆனால் யாரும் கண்டுகொள்ளாத நோய்களைக் கண்டுபிடிப்பதற்காக ஏற்பட்டது. பெயர்ப்பலகை முன் சுவரைவிட நீளமாகிப் போனதால் கடைசிச் சொல் மட்டும் திரும்பி அடுத்த தெருவில் இருக்கும். அந்தத் தெரு ஆட்கள் 'மையம்' என்பதை மட்டும் படித்துவிட்டு, தையல் கற்றுக்கொள்ளவும் ஜெராக்ஸ் எடுக்கவும் உள்ளே வந்துவிடுவார்கள். இயக்குநர் அவர்களையும் விடமாட்டார். ஆண்டறிக்கையில் 'பயனாளிகள்' என்ற தலைப்பின் கீழ் அவர்கள்தான் இருந்தார்கள்.

லேபிள் அக்காவின் வீட்டுக்காரருக்குப் பால் சங்கத்தில் வேலை. கன்று ஈன முடியாமல் மாடு திணறினால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். முழங்கைவரை கையை விட்டு, கன்றைத் திருப்பி, இழுத்து வெளியே போடுவார். செத்துப் பிறந்த கன்றையும் நஞ்சுக்கொடியையும் அள்ளிப் புதைப்பதும் அவர் பொறுப்புதான். சங்கத்தில் அவரை 'மாட்டு மருத்துவச்சி' என்று கேலி செய்வார்கள். மனுஷர் கோபித்துக்கொள்ள மாட்டார். மீசையைத் தடவிக்கொண்டு, 'எந்த மாடும் இதுவரைக்கும் குறை சொன்னதில்லை' என்பார்.

அப்படிப்பட்டவரை நாலு மாசமாக ஒரு காய்ச்சல் ஆட்டி வைத்தது. சாயங்காலமானால் குளிரும். விடிவதற்குள் தலையணை நனைந்து போகும். ஒரு வாரம் ஒன்றுமே இருக்காது, சரியாகிவிட்டது என்று நம்பி எழுந்து உட்கார்ந்தால் மறுபடி வரும். அப்புறம் முதுகு வலி ஒன்று வந்து சேர்ந்தது பாருங்கள், தண்ணீர் வாளியைத் தூக்க முடியவில்லை. செருப்பு மாட்டக் குனிய முடியவில்லை. என்ன வியாதி என்று எழுதிக் காகிதம் கொண்டுவந்தால் லீவு உண்டு, இல்லாவிட்டால் மாசக் கடைசியோடு வேறு ஆள் போட்டுக்கொள்கிறோம் என்று சங்கத்தில் சொல்லிவிட்டார்கள்.

பொது ஆஸ்பத்திரி டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டுல ஒண்ணும்மா. முதுகெலும்புல காசநோய், இல்லேன்னா மாட்டுக்கிட்டேருந்து வர்ற கன்றுவீச்சு நோய். படத்துல ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். மருந்துதான் வேற வேற. ரத்தத்தைச் சோதிச்சு ஒரு காகிதம் கொண்டாங்க, மூணு மாசத்துல எழுப்பி உட்கார வெச்சுடறேன். குருட்டாம்போக்குல மருந்து குடுத்து அது தப்பாப் போச்சுன்னா, முதுகு போயிடும்."

ரத்தத்தை எங்கே சோதிப்பது என்று அவள் கேட்டாள். டாக்டர் அவளுடைய ஆபீஸின் பெயரைச் சொன்னார். பெயர் நீளமாக இருந்ததால் சொல்லி முடிக்கும்வரை அவளும் காத்திருந்து, பிறகு சிரித்தே விட்டாள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறோமே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

மறுநாள் வேலைக்குப் போகும்போது ஆஸ்பத்திரியில் எடுத்துக் கொடுத்த ரத்தத்தையும் கையோடு கொண்டுபோய் ஜன்னலில் கொடுத்தாள். ஜன்னல் எழுத்தர் நல்ல பிள்ளை, அவளை அக்கா அக்கா என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவர். வாங்கிப் பதிந்து, அதிலிருந்து சீரம் என்கிற தெளிநீரைப் பிரிக்கச் சொல்லி அனுப்பி, நம்பர் மூன்று என்றார். இன்னும் எண்பத்தேழு பேர் வரட்டும், மெஷினை ஓட்டிவிடலாம் என்றார். ஒரு கிட்டில் தொண்ணூறு பேரைச் சோதிக்கலாமாம், அதனால் ஆள் நிறைந்தால்தான் வண்டி கிளம்புமாம். எப்போது நிறையும் என்று கேட்டதற்கு அவர் கால்குலேட்டரை எடுத்தார். ஐந்து மாசத்தில் மூன்று பேர், அப்படியானால் தொண்ணூறு பேருக்கு என்று தட்டிப் பார்த்துவிட்டு, முகம் மலர்ந்தார்.

"பன்னிரண்டரை வருஷம்க்கா. எனக்கு ரிட்டயர் ஆகப் பதினஞ்சு வருஷம் இருக்கு. ரிசல்ட்டை நானே உங்க கையில குடுத்துடுவேன்."

தெளிநீர் டியூப்புக்கு லேபிள் ஒட்டி உறைபெட்டியில் வைத்ததும் அவள்தான். வீட்டுக்காரர் பெயரைத் தன் கையால் எழுதி, அந்தக் குளிரில் வைத்துக் கதவைச் சாத்தியபோது அவளுக்கு மனசு கேட்கவில்லை.

நேரே தொழில்நுட்ப அலுவலரிடம் போனாள். சோதனைகளை எல்லாம் செய்கிறவர், மெஷின் சாவி வைத்திருக்கிறவர் அவர்தான். மூன்று பேருக்காகக் கிட்டைத் திறந்தால் என்ன குடி முழுகிவிடும் என்று தன்மையாகத்தான் கேட்டாள். அவரும் தன்மையாகவே விளக்கினார். மூன்று பேருக்குத் திறந்தால் எண்பத்தேழு பேருக்கானது வீண். வீண் என்றால் அறிக்கையில் சிவப்பு மையில் போகும், மேலிடம் விளக்கம் கேட்கும். திறக்காமலே காலாவதியானால் அது வீண் இல்லை, காலாவதி. அதற்கு வேறு கட்டம், பச்சை மை. போன வருஷம் நாலு பெட்டியும் அப்படித்தான் ஒரு சொட்டுக்கூட வீணாகாமல் காலாவதியாயின என்று சொன்னபோது அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது. அந்த நாலு பெட்டியையும் குப்பைக்குக் கொண்டுபோனவள் தான்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

கடைசியில் இயக்குநரையே பார்த்துவிட்டாள். அவர் ஏதோ கூட்டத்துக்கான உரையை நின்றுகொண்டு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். கேட்க ஆள் கிடைத்ததில் அவருக்குச் சந்தோஷம்தான்.

"இந்த நோய் நம்ம பகுதியில இல்லவே இல்லம்மா. போன வருஷம் ஒரு பாசிட்டிவ்கூட வரலை."

"போன வருஷம் ஒண்ணையுமே சோதிக்கலையே சார்."

"அதைத்தான் நானும் சொல்றேன். சோதிக்கிற அளவுக்குக்கூட இல்லை." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணும் யோசிச்சுப் பாருங்க. புறக்கணிக்கப்பட்ட நோய்ங்கறது அதுக்கு ஒரு பதவி. அந்தப் பதவி இருக்கிறதாலதான் நமக்கு இந்தக் கட்டடம், மெஷின், உங்க வேலை, என் வேலை. நாமே தினமும் போய் அதைக் கவனிக்க ஆரம்பிச்சா, பதவி என்னத்துக்காகும்? பலகையில்ல மாத்தணும்?"

பலகையை மாற்றுவது சிரமம்தான் என்று அவளும் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

வீட்டுக்குப் போனால் மனுஷர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். உங்க ஆபீஸில் என்ன சொன்னார்கள் என்று கேட்டார். இன்னும் கொஞ்சம் ஆள் சேரணுமாம் என்றாள். சங்கத்து ஆள் வந்து, சங்கம் கொடுத்திருந்த மழைக்கோட்டையும் கயிற்றையும் திருப்பி வாங்கிக்கொண்டு போனதை அவர் சொல்லவில்லை. ஆணி வெறுமையாக இருந்ததை அவளே பார்த்துக்கொண்டாள். அழுகையாக வந்தது.

இந்தச் சமயத்தில்தான் பரீட்சை வந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை தலைமையகம் தன் கீழுள்ள பன்னிரண்டு மையங்களுக்கும் ஐந்து டியூப் அனுப்பும். அதில் எதில் நோய் இருக்கிறது, எதில் இல்லை என்று தலைமையகத்துக்குத் தெரியும். மையங்கள் கண்டுபிடித்து எழுத வேண்டும். தரப் பரீட்சை என்று பெயர். அந்த மூன்று வாரமும் மையத்தைக் காணக் கண் கோடி வேண்டும். லீவெல்லாம் ரத்து. மெஷினைத் துடைத்த துணியை இன்னொரு துணியால் துடைத்தார்கள். இயக்குநரின் வெள்ளைக் கோட்டு வருஷத்தில் அந்த ஒரு தடவைதான் இஸ்திரி காணும். புதுக் கிட் ஒன்று, தொண்ணூறு பேருக்கானது, ஐந்து டியூப்புக்காகப் பளிச்சென்று திறக்கப்பட்டது.

மீதி எண்பத்தைந்து இடம் காலியாகத்தானே இருக்கும், அதில் ஒன்றில் என் வீட்டுக்காரரை வைக்கக்கூடாதா என்று லேபிள் அக்கா கேட்டாள். தொழில்நுட்ப அலுவலருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பரீட்சை ஹால்ல வெளி ஆளை உட்கார வைப்பாங்களாம்மா?" என்றார்.

பெட்டி வந்த அன்று அதைத் திறந்து ஐந்தையும் வரிசையாக நிறுத்தி லேபிள் ஒட்டுவது அவள் வேலை. ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதை எடுத்தாள். காலி. உடையவில்லை, விரியவில்லை, மூடியில் முத்திரைகூட இருக்கிறது, உள்ளே மட்டும் ஒன்றுமில்லை. கவிழ்த்துப் பார்த்தாள். கவிழ்த்தால் மட்டும் வந்துவிடுமா?

ஜன்னல் எழுத்தரை ஓடிப்போய்க் கூட்டிவந்து காட்டினாள். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. ஒழுகிப்போயிருக்கும் என்றார். டியூப் ஒழுகினால் மையத்தை மூன்று வருஷத்துக்குப் பரீட்சையிலிருந்து விலக்கிவிடுவார்களாம். விசாரணை வருமாம். பெட்டியைத் திறந்தது யார் என்பதுதான் முதல் கேள்வியாம்.

"அக்கா, நான் இதைப் பார்க்கலை. நீங்களும் பார்க்கலை. நான் டீ குடிக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு அவர் போயே போய்விட்டார்.

அவளும் காலி டியூப்பும் தனியாக நின்றார்கள். வேலை போய்விடும், வீட்டில் ஒருவர் ஏற்கெனவே படுத்துக்கிடக்கிறார். அப்புறம் அவள் உறைபெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். ரொம்ப நேரமெல்லாம் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்கமாட்டாள். வீட்டுக்காரருடைய நம்பர் மூன்றை எடுத்தாள், உள்ளங்கையில் வைத்து உருக்கினாள், நாலாம் நம்பரில் பாதி ஊற்றி மூடினாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை என்பதை இன்றுவரை அவளால் நம்ப முடியவில்லை.

வீட்டுக்காரர் பரீட்சை எழுதினார். என்ன உபசாரம், என்ன மரியாதை! உறைபெட்டியில் கேட்பாரற்றுக் கிடந்த அந்த ரத்தத்துக்கு இயக்குநரே நேரில் வந்து மூன்று அடி தள்ளி நின்றார். தொழில்நுட்ப அலுவலர் மூச்சைப் பிடித்துக்கொண்டு சொட்டு விட்டார். முக்கால் மணி நேரத்தில் நாலாம் நம்பர் மட்டும் மஞ்சள் அடித்தது, பூசணிப்பூ மஞ்சள். மறுபடி செய்தார்கள், மஞ்சள். மறுநாள் வேறு முறையில் செய்தார்கள். அதற்கு மறுநாள் மூன்றாவது முறையில் செய்தார்கள். மொத்தம் ஆறு தடவை. சந்தேகமே இல்லை, பலத்த பாசிட்டிவ் என்று எழுதி நாலு பேர் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார்கள். லேபிள் அக்கா தொட்டியில் டியூப் கழுவிக்கொண்டே அழுதாள். கட்டினவருக்கு வியாதி இருக்கிறது என்று தெரிந்து இப்படி ஆனந்தப்பட்ட பெண்டாட்டி உலகத்தில் வேறு எவளாவது இருப்பாளா என்றும் தோன்றியது.

ஆனால் பரீட்சையில் இன்னொரு கட்டம் உண்டு. விடையை அனுப்புவதற்கு முன்னால் மற்றப் பதினொரு மையங்களுக்கும் போன் போட்டு அவர்களுக்கு என்ன வந்தது என்று கேட்டுக்கொள்வது. பள்ளிக்கூடத்தில் இதற்கு வேறு பெயர், இங்கே கலந்தாலோசனை. ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து எல்லாம் ஒத்துப்போயிற்று. நாலாவது மட்டும் பதினொரு இடத்திலும் நெகட்டிவ். அதுவும் சாதாரண நெகட்டிவ் இல்லையாம். இத்தனை சுத்தமான நெகட்டிவை என் சர்வீஸில் பார்த்ததில்லை என்று ஒரு மையத்து மூத்தவர் சிலாகித்தாராம்.

அவசரக் கூட்டம் கூடியது. தண்ணீர் ஜக்கோடு லேபிள் அக்காவும் மூலையில் நின்றாள். ஆறு தடவை பார்த்தோமே சார் என்று தொழில்நுட்ப அலுவலர் முனகினார். இயக்குநர் எழுந்து நின்றார்.

"நம்ம மெஷின் சரி. கிட் சரி. ஆட்கள் சரி. செஞ்ச முறை ரொம்பச் சரி. முடிவு மட்டும்தான் தப்பு. பதினோரு பேர் நெகட்டிவ்ங்கும்போது நாம மட்டும் பாசிட்டிவ்னு எழுதினா, அது ஆணவம்."

லேபிள் அக்கா ஜக்கை மேஜையில் வைத்தாள். "சார், அந்த நாலாம் நம்பர் இருக்கே…" என்று வாயைத் திறந்தேவிட்டாள்.

இயக்குநர் அவளை அன்போடு பார்த்தார். "உங்க மேல யாரும் குறை சொல்லலைம்மா. லேபிள் எல்லாம் நேராத்தான் ஒட்டியிருக்கு."

நெகட்டிவ் என்று புதிதாக ஒரு தாள் தயாராயிற்று. அதிலும் நாலு கையெழுத்து. பழைய தாளைக் கிழித்துப் போடச் சொல்லி அவளிடம் கொடுத்தார்கள். ஏழு வருஷத்தில் அவள் கிழிக்காமல் விட்ட முதல் காகிதம் அது. நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, அரை நாள் லீவு சொல்லிவிட்டு, வீட்டுக்காரரை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

டாக்டர் தாளை வாங்கி ஒரு தடவை படித்தார். உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தார். "நான் இங்க வந்து ஆறு வருஷம் ஆகுது. உங்க மையத்திலேருந்து எனக்கு வர்ற முதல் ரிப்போர்ட் இதுதான். மூணு முறை, ஆறு தடவை, நாலு கையெழுத்து! ஆனா பேர் எங்கம்மா? நாலாம் நம்பர்னு மட்டும் போட்டிருக்கு."

அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லும்போதே, இவரும் ஏதாவது விதியைச் சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவாரோ என்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியதிலிருந்து அவர் சிரிக்கிறார் என்று தெரிந்தது.

"உள்ள இருந்தது யாரோட ரத்தம்னு ஊத்தினவங்களுக்குத்தானே தெரியும்? நீங்க சொன்னாச் சரி" என்று சொல்லிவிட்டு மருந்துச் சீட்டை எழுதினார். சங்கத்துக்கும் வியாதியின் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி ஒரு கடிதம் கொடுத்தார். பெயர் இருக்கிறது என்றதும் சங்கமும் அடங்கிவிட்டது. மூன்று மாசம் லீவு கிடைத்தது.

மூன்று மாசமும் அவள் மாத்திரையை எண்ணிக் கொடுத்தாள். இரண்டாவது வாரத்திலேயே குளிர் நின்றது. ஒரு மாசத்தில் அவரே குனிந்து செருப்பு மாட்டினார். மூன்று மாசம் முடிந்து அவர் சங்கத்துக்குத் திரும்பிப் போனபோது, முழங்கைக்கு மேல்வரை வருகிற ரப்பர் உறை இரண்டு ஜோடியை அவளே பையில் திணித்து அனுப்பினாள்.

அந்த மாசமே பரீட்சை முடிவும் வந்தது. மையம் பாஸ். பாராட்டு விழா வைத்தார்கள், குடும்பத்தோடு வரச் சொன்னார்கள். லேபிள் அக்காவும் வீட்டுக்காரரும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். இயக்குநர் தலைமையகத்தின் கடிதத்தைச் சபையறிய வாசித்தார். ஐந்து டியூப்களில் நான்காவது, தவறுதலாக ஒன்றும் நிரப்பப்படாமலே பன்னிரண்டு மையங்களுக்கும் அனுப்பப்பட்டுவிட்டது என்றும், அதற்காக வருந்துவதாகவும், எனினும் பன்னிரண்டு மையங்களும் ஒரே குரலில் நெகட்டிவ் என்று எழுதியிருப்பதால் அந்த விடை சரியானதாகவே கொள்ளப்படும் என்றும் அதில் இருந்தது. இயக்குநர் கடிதத்தை மடித்தார்.

"வெறும் காலி டியூப்பைக் குடுத்தாக்கூட, அதுல நோய் இல்லைன்னு துல்லியமாக் கண்டுபிடிக்கிற மையம் நம்ம மையம்" என்றார். கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று. வீட்டுக்காரரும் தட்டினார். தோளுக்கு மேலே கையைத் தூக்கியே தட்டினார்.

தொழில்நுட்ப அலுவலர் மட்டும் தட்டவில்லை. முன்வரிசையில் மெல்லத் திரும்பி உட்கார்ந்தார். காலி டியூப்பிலிருந்து ஆறு தடவை மஞ்சளைக் கண்ணால் கண்ட மனுஷர் அவர். பெட்டியைத் திறந்தது யார் என்று அவருக்குத் தெரியும். பார்வை ஒவ்வொரு வரிசையாகத் தாண்டி வந்து லேபிள் அக்காவிடம் நின்றது. அப்புறம் அவள் பக்கத்தில் கம்பு மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தது. மாட்டிக்கொண்டோம், நாளைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தாள்.

விழா முடிந்து எல்லோரும் கலைகிற நேரத்தில் அவர் வந்தார். வீட்டுக்காரரிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார். ஜோர் என்று பதில் வந்தது. பக்கத்தில் யாரும் இல்லை என்பதை இரண்டு தடவை பார்த்துக்கொண்டார். அவ்வளவு காலமும் அவளை அம்மா என்றே கூப்பிட்டு வந்தவர்.

"அக்கா, என் தங்கச்சி வீட்டுக்காரர் ஆடு வளர்க்கறார். ரெண்டு மாசமாச் சாயங்காலமானா காய்ச்சல். முதுகு வலி வேற."

சட்டைப் பையிலிருந்து ஒரு டியூப்பை எடுத்து அவள் கையில் வைத்தார். அவர் உடம்புச் சூட்டில் அது வெதுவெதுப்பாக இருந்தது. மெஷின் சாவி அவர் இடுப்பில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. லேபிள் அக்கா சாவியைப் பார்த்தாள், டியூப்பைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் வரவில்லை, பாவமாகத்தான் இருந்தது.

"அடுத்த பரீட்சைக்கு இன்னும் எட்டு மாசம் இருக்கே சார். அதுவரைக்கும் தாங்குவாரா?"

"தெரியலையேக்கா" என்றார் தொழில்நுட்ப அலுவலர். "ஆனா இந்த ஆபீஸ்ல எனக்கு வேற யாரையும் தெரியாது."